நயினாரின் காரும் சந்திரவதியின் காப்பியும்

விழுப்புரத்தில் நாலு மணிக்கு மேல் மூக்குக்கண்ணாடி உடைந்தால் விடிகிறவரை தட்டுத் தடுமாறித்தான் நடக்க வேண்டும் என்று ஒரு கேலி உண்டு. காரணம் சுமதிகுமார் நயினார். ஊரில் வேறு கண்ணாடிக் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவரிடம் ஒருமுறை கண்ணாடி போட்டவர்கள் வேறு கடைப் படி ஏறுவதில்லை. மற்றவர்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிடுவார். அவர் சமணர். பொழுது சாய்ந்தபின் வாயில் எதையும் போடமாட்டார். அவர் மனைவி சந்திரவதியும் அப்படித்தான். இவர் வீடு போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு பேருக்கும் ராச்சாப்பாடு. விக்கிரவாண்டியில் பஸ் பஞ்சரானால் இரண்டு பேரும் பட்டினி.

கார் வந்த பிறகு அந்த நாலு மணி, மூணு மணியாகிவிட்டது. ஊர் இன்னும் அதிகமாகத் தடுமாறியது.

அந்தக் கார் ஏழு வருஷம் கிடந்தது என் ஷெட்டில். மாம்பழப்பட்டு ரோட்டில் எனக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. என் பெயர் வெங்கடாசலம். கடைக்குப் பின்னால் மழைக்காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்குகிற தகர ஷெட் ஒன்று இருக்கிறது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சாம்பார் கொதிப்பதற்குள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஷெட்டில், ஒரு திருகாணியைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர் ஏழு வருஷம் வேலை பார்த்தார் என்றால், அது நான் எந்த ஜென்மத்திலோ செய்த பாவம். அல்லது புண்ணியம். இன்னும் முடிவு பண்ணவில்லை.

காரை முதலில் பார்த்தது கோட்டக்குப்பத்தில். கண் பரிசோதனை முகாமுக்குப் போன நயினார், அங்கே ஒரு தென்னந்தோப்பில் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு விளக்கு தெரிவதைப் பார்த்திருக்கிறார். இழுத்துப் பார்த்தால் சான் ஸ்டார்ம். இரண்டே பேர் உட்காருகிற, கூரையைக் கழற்றிப் போடுகிற ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டிலேயே செய்தது, எஞ்சின் மட்டும் பிரெஞ்சு. சொந்தக்காரர் துபாயில் செட்டில் ஆகிவிட்டார். காரில் ஆடுகள் செட்டில் ஆகிவிட்டன. சீட்டுக்குள் இருந்த பஞ்சை ஆடுகள் தின்று தீர்த்திருந்தன.

அதைப் பார்த்ததும் நயினாருக்குத் தூக்கம் போய்விட்டது. கல்யாணமான புதிதில் அவரும் சந்திரவதியும் புதுச்சேரி கடற்கரைக்குப் போயிருந்தபோது இதே மாதிரி ஒரு மஞ்சள் கார் அவர்களைத் தாண்டிப் போனதாம். எதையும் வேண்டும் என்று கேட்டறியாத சந்திரவதி, "இதுல ஒரு நாளு போனா நல்லாருக்குமில்ல?" என்று சொன்னாராம். அவ்வளவுதான். சொன்னவர் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டார். கேட்டவர் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருந்தார்.

விலை பேசி வாங்கி, மினி லாரியில் ஏற்றி என் ஷெட்டில் இறக்கிய அன்று நான் அதைச் சுற்றி வந்து பார்த்தேன்.

"நயினாரே, இது காரா, ஆட்டுப் பட்டியா?"

"ஆறே மாசம், வெங்கடாசலம். பாரு."

ஆறு மாசத்தில் அவர் கழற்றி முடித்தார். கழற்றியதை எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வரிசையாக வைத்தார். கடை மூடிய பின் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அரை நாள், அவ்வளவுதான் அவர் வேலை நேரம். எது நடந்தாலும் நாலு மணிக்குக் கையைக் கழுவிவிடுவார். எஞ்சினைப் பாதி தூக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டுவிட்டு, "சந்திரவதி காத்துக்கினு இருப்பா" என்று பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். அந்த எஞ்சின் என் தலைக்கு மேல் மறுநாள் வரை தொங்கியது.

காரின் உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர். விழுப்புரத்தில் எந்த டிங்கரும் அதைத் தொடவில்லை. நயினார் கடற்கரைப் பக்கம் போய், மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற முருகையனை அழைத்துக்கொண்டு வந்தார். முருகையன் உடைந்த இடமெல்லாம் படகு ஒட்டுகிற மாதிரியே ஒட்டினார். முடித்துவிட்டுச் சொன்னார்: "கவலப்படாதீங்க சார், கடல்ல வுட்டாலும் மெதக்கும். ரோட்டுல ஓடுமான்னு எனக்குத் தெரியாது."

எஞ்சின் சாமான்கள் இங்கே கிடைக்கவில்லை. நயினாரிடம் கண்ணாடி போடுகிற சவுரியம்மாள் என்று ஒரு புதுச்சேரி அம்மாள் உண்டு. பிள்ளைகள் பாரிசில். வருஷத்துக்கு ஒரு முறை போய் வருவார். பாரிசிலிருந்து எல்லோரும் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். சவுரியம்மாள் இரண்டு புடவைக்கு நடுவில் வாட்டர் பம்ப் வைத்துக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் கேஸ்கட். அதற்கடுத்த வருஷம் அவருக்கு முட்டி வலி, போகவில்லை. கார் ஒரு வருஷம் அப்படியே நின்றது.

இதற்கு நடுவில் குளவி. பின்பக்க விளக்குக் கூட்டில் மண்கூடு கட்டியிருந்தது. ஒரு சுரண்டு சுரண்டினால் தீர்ந்தது. நயினார் விடவில்லை. உள்ளே உயிர் இருக்கிறதாம்.

"குளவி கூடு கட்டுனா வீட்டுல புள்ள பொறக்கும்னு சொல்லுவாங்க. உன் காரு முழுகாம இருக்குது போல" என்றேன்.

"பொறக்கட்டும்" என்று விளக்கு வேலையைத் தள்ளி வைத்தார். அது பறந்து போனது. வேறு ஒன்று வந்து பக்கத்திலேயே கட்டியது.

ஸ்டீரிங்கில் சுற்றியிருந்தது மிருகத் தோல் என்று அதை உரித்துப் போட்டுவிட்டு ரெக்சின் வைத்துத் தைத்தார். அதையும் மூன்று தடவை பிரித்துத் தைத்தார். பெயின்ட்? அது தனிக் கதை. சந்திரவதி பார்த்தது மஞ்சள். எந்த மஞ்சள்? முதல் மஞ்சள் ஸ்கூல் வேன் மாதிரி இருந்தது, சுரண்டினார். இரண்டாவது எலுமிச்சை சாதம், அதையும் சுரண்டினார். மூன்றாவதாக ஒரு மஞ்சள் அடித்தார். பங்குனி மாசத்து மாம்பழம் முதல் தடவை நிறம் திரும்புகிற மஞ்சள். அதைப் பார்க்க நானே கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இரண்டு தடவை ஷெட்டுக்கு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செலவைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. யானை வாங்கியவனிடம் அங்குசக் கணக்குக் கேட்கக் கூடாது.

தினமும் மூணு மணிக்கு அவர் வந்ததும் டீக்கடையிலிருந்து இரண்டு காப்பி வரும். பானெட்டின் மேல் வைக்க விடமாட்டார். நின்றுகொண்டே குடிப்போம். அந்தக் காப்பியை நினைத்தால் இப்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நாலாவது வருஷம் என் மகள் கல்யாணம். பந்திக்கு முன்னால் என் மனைவி கோவிந்தம்மாள் சந்திரவதிக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறார். கோவிந்தம்மாள் ஒன்றை ஆரம்பித்தால் விடமாட்டாள். கிளறிக் கிளறிக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக்கூட விட்டுவிட்டு என்னைத் தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

விஷயம் இதுதான். கார் ஷெட்டில் இறங்கிய அன்று நயினார் வீட்டுக்குப் போய், "ஆறே மாசம், உன்ன அதுல உக்கார வச்சிடறேன்" என்று சொல்லியிருக்கிறார். சந்திரவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை ஜினாலயத்துக்குப் போய் ஒரு நியமம் எடுத்துக்கொண்டார். அவர்களுக்குள் அது வழக்கம். நல்ல காரியம் ஒன்று நடக்க வேண்டுமென்றால், பிடித்த ஒன்றை அது நடக்கும்வரை விட்டுவிடுவார்கள். சிலர் வெல்லத்தை விடுவார்கள், சிலர் மாம்பழத்தை. சந்திரவதிக்குப் பிடித்தது காப்பி. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடிக்கிறவர். கார் தன்னாலேயே ஓடிவந்து வாசலில் நிற்கும்வரை காப்பி தொடுவதில்லை என்று நியமம். ஆறு மாசம்தானே என்று எடுத்தது. நாலு வருஷம் ஆகியிருந்தது.

நான் நேராகச் சந்திரவதியிடம் போனேன். "இன்னாம்மா இது? அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. ஒரு தபா கேட்டாரு, ஒடம்புக்கு ஒத்துக்கலன்னுட்டேன். நீங்க சொல்லிடாதீங்க."

"சொன்னா ஒரு மாசத்துல முடிச்சுடுவாரேம்மா."

"அதுக்குத்தான் சொல்ல வேணாங்கறேன். ஜல்தி பண்ணிடுவாரு. அவரு ஜல்தி பண்ணிப் பாத்திருக்கீங்களா? பாதி ராத்திரி எந்திரிச்சு அத நெனச்சு வருத்தப்படுவாரு. ஞாயித்துக்கெழமை ஷெட்டுக்குப் போயிட்டு வந்தா அவரு மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? நான் பாக்கறேன். எனக்கு அது போதும்."

சத்தியம் வாங்கிக்கொண்டார். மகள் கல்யாணத்தன்று சத்தியம் கேட்டால் எவன் மறுப்பான்?

அதிலிருந்து என் பாடு பேஜாராகிவிட்டது. உண்மையைச் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. "இன்னும் எத்தினி நாளு நயினாரே?" என்று தினமும் நச்சரிப்பேன். மழை வருகிறது, மூட்டை அடுக்க ஷெட் வேண்டும் என்பேன். எலி வருகிறது என்பேன். அவர் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டே, "பதறாத காரியம் சிதறாது" என்பார். மூணு மணிக்குக் காப்பி வரும். அவர் ரசித்து உறிஞ்சுவார். பூதக்கண்ணாடி வைத்து ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிற மனுஷனுக்குத் தன் வீட்டு அடுப்படி தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும். எனக்கு அந்தக் காப்பி இறங்காது. டீக்கு மாறிவிட்டேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

இப்படியே ஏழாவது வருஷத் தை மாசமும் வந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. பழைய கார் என்பதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. முதல் ஓட்டம், வழியில் நின்றுவிட்டால் ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். டயரில் காற்றைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி துடைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாம்பழப்பட்டு ரோட்டில் இறங்கும்போது மணி நாலரை தாண்டிவிட்டது.

கூரை இல்லாத வண்டியில் தரையோடு தரையாக உட்கார்ந்து போவது எனக்குப் புது அனுபவம். ஆட்டோக்காரன் காலைத்தான் பார்க்க முடிகிறது. முண்டியம்பாக்கம் தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வேகத்தைத் தவிர. நாற்பது. ஏழு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த ஸ்போர்ட்ஸ் காரை அவர் நாற்பதில் ஓட்டினார். கரும்பு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் என் கடை வாடிக்கையாளர். கையை ஆட்டிவிட்டுப் போனான். மானம் போயிற்று.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் போட்டோ. ஒருவர் என்ன மைலேஜ் என்றார். நயினார் இறங்கி நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். ஃபைபர் ஒட்டிய கதையை முருகையனிலிருந்து தொடங்கினார். எனக்கு இடது பக்கம் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பொழுது சாய இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அங்கே சந்திரவதி காத்துக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்தால் இன்றைக்கும் காப்பி இல்லை.

ஒரு வழியாகக் கிளம்பினோம். மறுபடியும் நாற்பது.

"கொஞ்சம் அழுத்து நயினாரே."

"புது எஞ்சின் மாதிரி, வெங்கடாசலம். பழகணும்."

"பொழுது போவுது."

"போனா இன்னா, இன்னைக்கு ஒரு வேள சாப்புடலன்னா செத்துடுவனா?"

சத்தியமாவது ஒன்றாவது. என் பொறுமை கூட்டேரிப்பட்டில் அறுந்துபோயிற்று.

"யோவ், நீ சாப்புட்டா இன்னா சாப்புடாட்டி இன்னா. அந்தம்மா ஏழு வருஷமா காப்பி குடிக்கலய்யா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். ரோட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நியமம், ஆறு மாசம், ஒத்துக்கல என்ற பொய், என் மகள் கல்யாணம், எல்லாம். அவர் கண் கலங்கியிருந்தது. அது காற்றினால் என்று நான் நினைக்கத் தயாராக இல்லை.

பிறகு கியரை மாற்றினார். அந்தப் பிரெஞ்சு எஞ்சின் அதுவரை போட்டிராத ஒரு சத்தம் போட்டது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கரும்பு டிராக்டரைத் தாண்டினோம், நான் கையை ஆட்ட நினைப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது. பஸ்ஸைத் தாண்டினோம். முன்னால் போன லாரியிலிருந்து சிறு கல் ஒன்று தெறித்துப் பானெட்டில் டக்கென்று விழுந்தது. அவர் அசரவில்லை. எனக்குத் தெரிந்து சுமதிகுமார் நயினார் வாழ்க்கையில் அவசரப்பட்டது அந்தப் பதினைந்து நிமிஷம் மட்டும்தான். முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன்.

திண்டிவனத்தில் அவர் வீட்டுத் தெருவில் திரும்பும்போது சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு முழம் இருந்தது. ஹாரன் சத்தம் கேட்டு சந்திரவதி வாசலுக்கு வந்தார். முந்தானையில் கை துடைத்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் கை வைத்தார். சூடாக இருந்திருக்கும், எடுக்கவில்லை.

"அதே மஞ்ச" என்றார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் நயினார்.

சந்திரவதி என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா இந்த மஞ்ச வந்திருக்குமா?" என்றார் சந்திரவதி.

நயினார் செருப்பைக் கழற்றிவிட்டு, "நான் போடறேன் காப்பி" என்று உள்ளே போனார். சந்திரவதி எவ்வளவோ தடுத்தார். கேட்கவில்லை. நேரம் இருந்தது. நான் போட்டிருந்தால் இரண்டு தடவை போட்டிருப்பேன்.

ஃபில்டரைக் கழுவித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். தூளைப் போட்டுச் சமன் செய்தார். வெந்நீரை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்றினார். மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிகாக்ஷன், கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி ஒவ்வொரு சொட்டாக இறங்கியது.

"தட்டு நயினாரே, ஜல்தியா எறங்கும்" என்றேன் அடுக்களை வாசலிலிருந்து.

"தட்டுனா தூளு கீழ வந்துடும்."

"வந்தா வருது. எறங்குன வரைக்கும் ஊத்திக் குடு."

"ஏழு வருஷம் கழிச்சுக் குடிக்கறா. தண்ணியாவா குடுப்பேன்?"

நான் சந்திரவதியிடம் ஓடினேன். அவர் ஜன்னல் பக்கம் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீயாவது சொல்லும்மா" என்றேன். அவர் முகத்தில் கவலை இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"வுடுங்கண்ணே. ஆக்கப் பொறுத்தேன், ஆறப் பொறுக்க மாட்டனா?"

பாலைக் காய்ச்சி, அளந்து கலந்து, ஆற்றி, நுரை கலையாமல் டவராவில் வைத்து நயினார் எடுத்துக்கொண்டு வந்தபோது தெருவிளக்கு எரிந்தது. மூவரும் வெளியே பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வானம் மட்டும்தான் இருந்தது. நயினார் கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். முதலில் சிரித்தவர் சந்திரவதி. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நயினாரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை.

அந்தக் காப்பியை நான் குடித்தேன். நான் சமணன் இல்லையே, வீணாக்குவானேன்? சொல்லக் கூடாது, அந்த மாதிரி ஒரு காப்பியை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

அன்று அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் வெயில் தெருவில் நன்றாக இறங்கியபிறகு நயினார் மறுபடியும் போட்டார். இந்தத் தடவை நான் அடுக்களைப் பக்கமே போகவில்லை. மூன்று டம்ளரோடு வாசலுக்கு வந்தார். சந்திரவதியைக் காரில் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தி, டம்ளரைக் கையில் கொடுத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ரோடுதான்.

சந்திரவதி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஷெட்டைக் கொடுத்ததைவிட நல்ல காரியம் எதுவும் நான் செய்ததில்லை என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

"எப்புடியிருக்குது?" என்றார் நயினார்.

"சக்கர ஒரு துளி தூக்கல். நல்லாருக்குது."

அப்போதுதான் நயினாரின் கண் பானெட்டில் விழுந்தது. லாரிக் கல் பட்ட இடம். மிளகு அளவுக்குப் பெயின்ட் போயிருந்தது. நயினார் முன்னால் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் களை வந்துவிட்டது.

"அங்க மட்டும் அடிச்சா நெறம் சேராது. மொத்தமா சொரண்டி மறுபடி அடிக்கணும். ஒண்ணும் பெருசில்ல. ஆறே மாசம்."

எனக்குத் தலை சுற்றியது. சந்திரவதி அமைதியாக இன்னொரு வாய் குடித்தார்.

"பண்ணுங்க. நிதானமா பண்ணுங்க. ஆனா இந்தத் தபா நியமம் உங்களுது."

"எனக்கா? இன்னாத்த வுடணும்?"

"காப்பிய."

நயினார் பானெட்டைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். நிதானமாக ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். சாவியைத் திருகினார். இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள்.

அந்தப் புள்ளி இன்றும் பானெட்டில் அப்படியே இருக்கிறது. இவ்வளவு இழைத்துவிட்டு இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நயினார் பதில் சொல்வதில்லை. அநேகமாக அப்போது அவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.